கண்ணீருக்குப் பிறகு தண்ணீர்

சீர்திருத்த காலம் – பகுதி 14

சூரிச் நகரத்து மதிலைத் தாண்டி ஏரிக்கரையோரமாகத் தெற்கே நடந்தால் சொலிக்கோன் என்ற கிராமம் வரும். உழவர்களும் திராட்சைத் தோட்டக்காரர்களும் வாழ்ந்த ஊர். 1525 ஜனவரி கடைசி வாரத்தில் அங்கே ரூடி தோமான் என்ற முதியவரின் வீட்டில் ஒரு விருந்து நடந்தது. நகர மன்றம் ஊரைவிட்டுப் போகச் சொல்லியிருந்த வில்ஹெல்ம் ரொய்ப்லின், யோஹான்னஸ் ப்ரோட்லி என்ற இரண்டு போதகர்களுக்கு வழியனுப்புச் சாப்பாடு.

சாப்பிட்டு முடித்தவர்கள் வேதம் வாசித்தார்கள், பேசினார்கள். அப்போது ஹான்ஸ் புருக்பாக் என்ற மனிதர் எழுந்து நின்று அழத் தொடங்கினார். தான் பெரிய பாவி என்றும், தனக்காக எல்லாரும் கடவுளிடம் மன்றாட வேண்டும் என்றும் கதறினார். கூட்டத்தில் இருந்த கியோர்க் பிளாவ்ராக், கடவுளின் கிருபையை நீர் விரும்புகிறீரா என்று கேட்டார். விரும்புகிறேன் என்றார் புருக்பாக். உடனே ஃபேலிக்ஸ் மான்ஸ் எழுந்து, இவருக்கு நான் ஞானஸ்நானம் கொடுப்பதை யார் தடுப்பார் என்றார். ஒருவரும் தடுக்க மாட்டார் என்று பிளாவ்ராக் பதில் சொன்னார். அடுப்பங்கரையில் தண்ணீர் மொள்ளும் கரண்டி ஒன்று இருந்தது. மான்ஸ் அதில் தண்ணீர் எடுத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் புருக்பாக்கின் தலையில் ஊற்றினார்.

இவ்வளவு நுணுக்கமாக இந்தக் காட்சி நம் கைக்கு வந்திருப்பதற்குக் காரணம், அது குற்றமாகக் கருதப்பட்டதுதான். சில நாட்களில் கைதான சொலிக்கோன் உழவர்களை நகர மன்றம் ஒவ்வொருவராக விசாரித்து, அவர்கள் சொன்னதை எழுதி வைத்தது. அந்த விசாரணைத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. எழுத்தறியாத மனிதர்களின் விசுவாச அனுபவம், அவர்களைத் தண்டிக்க நினைத்தவர்களின் பேனா வழியாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

குற்றம் என்ன? ஐரோப்பாவில் பிறந்த ஏறக்குறைய எல்லாக் கிறிஸ்தவக் குழந்தைகளையும் போலவே புருக்பாக்கும் பிறந்த சில நாட்களிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். ஆகவே சட்டத்தின் கண்ணில் இது இரண்டாம் ஞானஸ்நானம். அன்றிரவு அந்த வீட்டில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. அறியாப் பருவத்தில் தலையில் விழுந்தது வெறும் தண்ணீர், முதல் ஞானஸ்நானமே இப்போதுதான் நடந்தது என்பது அவர்கள் உறுதி.

அதே வீட்டில் தோமானின் மருமகன் மார்க்ஸ் பொஷ்ஹார்ட் அன்றிரவு தூங்கவில்லை. தனக்குப் புத்தி தெளிய வேண்டும் என்று இரவெல்லாம் ஜெபித்ததாக விசாரணையில் சொன்னார். காலையில் பிளாவ்ராக் அவரிடம், இதுவரை விளையாட்டுப் பிள்ளையாக இருந்துவிட்டாய், இனி வேறு மனிதனாக வேண்டும் என்ற கருத்தில் பேசினார். இளைஞர் ஞானஸ்நானம் கேட்டார், பெற்றார். பிறகு பிளாவ்ராக் கிழவர் தோமானிடம் போனார். வயதாகிவிட்டது, சாவு தூரத்தில் இல்லை, வாழ்க்கையைத் திருத்திக்கொள்ள வேண்டாமா என்று கேட்டார். வீடு முழுவதும் ஞானஸ்நானம் பெற்றது.

முதலில் பாவ உணர்வு, அதன்பின் கிருபையின்மேல் நம்பிக்கை, கடைசியில் தண்ணீர் என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள். இந்த வரிசைக்காகத்தான் அடுத்த சில ஆண்டுகளில் ஆட்கள் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்கள், தீயில் எரிக்கப்பட்டார்கள். கேட்பதற்கு இறையியல் மாணவர்களின் வாதம் போலத் தோன்றும் ஒன்று எப்படி உயிர்ப் பிரச்சினை ஆனது என்பதை இந்தப் பகுதியில் பார்ப்போம்.

மனந்திரும்புதல், விசுவாசம், ஞானஸ்நானம் ஆகிய மூன்றும் புதிய ஏற்பாட்டில் அருகருகே நிற்கின்றன. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டு நெஞ்சு குத்துண்டவர்களிடம் அவர் மனந்திரும்பச் சொல்கிறார், ஞானஸ்நானம் பெறச் சொல்கிறார். முதல் நூற்றாண்டுகளில் சபைக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் வயது வந்தவர்கள். அவர்கள் நீண்ட காலம் போதனை கேட்டு, நோன்பிருந்து, பிறகே ஞானஸ்நானம் பெற்றார்கள். சமுதாயம் முழுவதும் கிறிஸ்தவமானபோது நிலைமை மாறியது. பிறக்கிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களுக்குப் பிறந்தார்கள். ஆதாமின் பாவம் குழந்தையையும் பிடித்திருக்கிறது என்ற அகஸ்டினின் போதனை மேற்கத்தியச் சபையில் வேரூன்றியது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போகும் சிசுவின் கதி என்ன என்ற அச்சம் தாய்மார்களைப் பிடித்தாட்டியது. பிழைக்காது என்று தெரிந்தால் பாதிரியாருக்குக் காத்திராமல் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றலாம் என்று சபை அனுமதித்தது அந்த அச்சத்தினால்தான்.

இப்படி இடைக்காலத்தில் வரிசை தலைகீழானது. தண்ணீர் முதலில் வந்தது. குழந்தையின் சார்பில் ஞானப்பெற்றோர் விசுவாச அறிக்கை சொன்னார்கள். மனந்திரும்புதல் பின்னாளில், பாவசங்கீர்த்தனத்தின் வழியாக வந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. இந்த ஏற்பாட்டைக் கேவலமாக நினைப்பதற்கில்லை. பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு மனிதனைக் கைவிடாமல் ஏந்திக்கொள்ளும் அமைப்பு அது. ஆனால் அதன் நடுக்கண்ணியான மனந்திரும்புதல், காலப்போக்கில் தண்டனைக் குறைப்புச் சீட்டாக விலைக்கு வந்தது. 1517இல் லூத்தர் தன் 95 கருத்துரைகளை அங்கேயிருந்துதான் தொடங்கினார். விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் கருத்துரை.

அந்தக் கண்ணியை இழுத்ததும் சங்கிலி முழுவதும் அசைந்தது. விசுவாசத்தினாலேயே ரட்சிப்பு என்றால், விசுவசிக்கும் வயது வராத குழந்தைக்கு ஊற்றும் தண்ணீர் என்ன செய்கிறது? லூத்தர் கடவுளின் வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரோடு வார்த்தை சேர்ந்திருக்கிறது, அந்த வாக்குறுதி நம் விசுவாசத்தின் அளவைப் பார்ப்பதில்லை, கைக்குழந்தைக்கும் கடவுள் விசுவாசத்தைக் கொடுக்க முடியும் என்றார். சூரிச்சில் உல்ரிச் ஸ்விங்ளி வேறு வழியில் யோசித்தார்.

போன பகுதிகளில் ஸ்விங்ளியை 1519 புத்தாண்டு நாளில் குரோஸ்மூன்ஸ்டர் ஆலயத்து மேடையில் ஏறியவராக, மத்தேயு நற்செய்தியை முதல் அதிகாரத்திலிருந்து தொடர்ச்சியாக விளக்கத் தொடங்கியவராகப் பார்த்தோம். அவரைச் சுற்றி இளைஞர்கள் திரண்டார்கள். அவர்களில் கான்ராட் கிரெபெல் நகர மன்ற உறுப்பினரின் மகன், வியன்னாவிலும் பாரிசிலும் படித்தவர். ஃபேலிக்ஸ் மான்ஸ் எபிரேய மொழி தெரிந்தவர். ஸ்விங்ளியோடு உட்கார்ந்து கிரேக்கமும் எபிரேயமும் வாசித்த சீடர்கள் இவர்கள். வேதத்தில் இல்லாதது சபையிலும் இருக்கக் கூடாது என்று அவரிடமிருந்தே கற்றார்கள்.

பிரிவு தொடங்கியது 1523 அக்டோபரில். ஆலயத்துச் சிலைகளையும் பூசைப் பலியையும் பற்றி நடந்த பொது விவாதத்தில், இவை வேதத்துக்கு முரண் என்று முடிவானது. ஆனால் எப்போது, எப்படி நீக்குவது என்பதை நகர மன்றத்திடம் விட்டார் ஸ்விங்ளி. கடவுளின் வார்த்தை தீர்ப்புச் சொன்ன பிறகு மன்றம் என்ன தீர்மானிப்பது என்று இளைஞர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கிரெபெலின் குழு ஜெர்மனியில் இருந்த தீவிரச் சீர்திருத்தவாதி தாமஸ் முன்ட்சருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. வாளை எடுக்கக் கூடாது என்று முன்ட்சரை எச்சரித்த அந்தக் கடிதத்தில் ஞானஸ்நானம் பற்றியும் எழுதினார்கள். நன்மை தீமை அறியாத குழந்தைகள் கிறிஸ்துவின் பாடுகளாலேயே ரட்சிக்கப்பட்டவர்கள், அவர்களுக்குத் தண்ணீர் தேவையில்லை என்பது அவர்கள் நிலை.

பல நூற்றாண்டுகளாகத் தாய்மாரை வாட்டிய பயத்தை அந்தக் கடிதம் ஒரே வீச்சில் நீக்கிவிடுகிறது. மறுஞானஸ்நானக்காரர்கள் என்று பெயர் சூட்டப்பட்ட இவர்கள் குழந்தைகளிடமிருந்து எதையோ பறித்தார்கள் என்று தூற்றியவர்கள் இதைப் படித்திருந்தால் நன்றாயிருக்கும். அவர்கள் குழந்தைகளைக் கிருபைக்கு வெளியே நிறுத்தவில்லை. ஞானஸ்நானம் எடுக்காத குழந்தை நரகத்தின் விளிம்பில் நிற்கிறது என்ற எண்ணத்தைத்தான் கைவிட்டார்கள்.

1524இல் ரொய்ப்லினின் பிரசங்கத்தைக் கேட்டுச் சில பெற்றோர் தங்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். 1525 ஜனவரியில் கிரெபெலுக்கே மகள் பிறந்தாள், அவளுக்கும் கொடுக்கவில்லை. ஜனவரி 17 அன்று மன்றத்தின் முன் விவாதம் நடந்தது. ஸ்விங்ளி வென்றதாக மன்றம் அறிவித்தது. மறுநாளே ஆணை வந்தது: ஞானஸ்நானம் பெறாத எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டு நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும், மறுப்பவர் குடும்பத்தோடு வெளியேற வேண்டும். 21ஆம் தேதி இன்னோர் ஆணை. கிரெபெலும் மான்சும் இனி இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வெளியூர்க்காரரான ரொய்ப்லின், ப்ரோட்லி முதலியோர் எட்டு நாட்களில் கிளம்ப வேண்டும்.

அன்று மாலையே குரோஸ்மூன்ஸ்டருக்குப் பக்கத்துத் தெருவில், மான்சின் தாயார் வீட்டில் சிலர் கூடினார்கள். அச்சம் அவர்களைக் கவ்வியது, முழந்தாளிட்டு ஜெபித்தார்கள் என்று இந்த இயக்கத்தின் ஒரு கிளையான ஹட்டரைட்டுகளின் வரலாற்று ஏடு சொல்கிறது. ஜெபம் முடிந்ததும் கியோர்க் பிளாவ்ராக் எழுந்து, தன் விசுவாசத்தின்மேல் உண்மையான ஞானஸ்நானம் கொடுக்கும்படி கிரெபெலைக் கேட்டார். கிழக்கு மலைநாட்டிலிருந்து வந்த முன்னாள் பாதிரியார் அவர். கிரெபெல் குருப்பட்டம் பெறாத இல்லறத்தான். அவர் பிளாவ்ராக்கின் தலையில் தண்ணீர் ஊற்றினார். மற்றவர்கள் பிளாவ்ராக்கிடம் கேட்டுப் பெற்றார்கள். மௌனமாக இருக்கச் சொன்ன நாளிலேயே, ஆலயத்தில் இல்லாமல் ஒரு தாயின் வீட்டில், குருவானவர் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு சபை பிறந்தது.

அங்கிருந்து கிளம்பியவர்கள் வந்த இடம்தான் சொலிக்கோன். ஒரே வாரத்தில் அங்கே பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள், வீடுகளில் சாதாரண அப்பத்தையும் திராட்சரசத்தையும் பகிர்ந்து திருவிருந்து கொண்டாடினார்கள். ஜனவரி 30 அன்று மான்சும் பிளாவ்ராக்கும் உழவர்கள் இருபத்தைந்து பேரும் கைதாகி, மூடப்பட்டிருந்த அகஸ்டீனிய மடத்தில் அடைக்கப்பட்டார்கள். சிறை, அபராதம், மிரட்டல் ஆகியவற்றின் முன் அந்த உழவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டுக்குள்ளேயே பின்வாங்கினார்கள். அதை இழிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலமும் மாடும் பிள்ளைகளும் உள்ள மனிதனுக்கு நாடுகடத்தல் என்றால் என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இயக்கம் மட்டும் நிற்கவில்லை. கிரெபெல் ஷாஃப்ஹவுசன் அருகே ரைன் ஆற்றில் வுல்ஃப்காங் உலிமான் என்பவரை முழுக்கி எடுத்தார். பாத்திரத்துத் தண்ணீர் போதாது, ஆறு என்னை முழுவதும் மூட வேண்டும் என்று உலிமான் விரும்பினார். அவருடைய ஊரான சாங்க்ட் காலனில் 1525 குருத்தோலை ஞாயிறன்று மக்கள் கூட்டமாகச் சிட்டர் ஆற்றுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் ஊற்றுவதா, முழுக்குவதா என்பது அன்று பெரிய விவாதமே ஆகவில்லை. யாருக்கு, எப்போது என்பதே கேள்வியாக இருந்தது.

ஸ்விங்ளி மே மாத இறுதியில் பதில் நூல் வெளியிட்டார். ஞானஸ்நானம், மறுஞானஸ்நானம், குழந்தை ஞானஸ்நானம் மூன்றையும் பற்றிய அந்த நூலில் அவர் வைக்கும் முதல் வாதம் வாசகரை அதிர வைக்கும். தண்ணீர் பாவத்தைக் கழுவாது. இந்த விஷயத்தில் அப்போஸ்தலர் காலத்துக்குப் பிறகு வந்த அறிஞர்கள் எல்லாருமே தவறிவிட்டார்கள் என்கிறார். ரட்சிப்பு கடவுளின் கையில் இருக்கிறது, எந்தச் சடங்கும் அவரைக் கட்டாது. இந்த இடம் வரை கிரெபெலும் மான்சும் அவரோடு ஒத்துப்போவார்கள். ஒரு காலத்தில் தானும் குழந்தைகளுக்கு வயது வரும்வரை பொறுப்பதே நல்லது என்று நினைத்ததுண்டு என்பதையும் ஸ்விங்ளி அங்கே ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையை மதிக்க வேண்டும்.

அடுத்துதான் பாதை பிரிகிறது. தண்ணீர் ஓர் அடையாளம் என்றால் எதன் அடையாளம்? கடவுள் தம் மக்களோடு செய்த உடன்படிக்கையின் அடையாளம் என்றார் ஸ்விங்ளி. ஆபிரகாமின் வீட்டுப் பிள்ளைகள் எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றார்கள். அவர்கள் விசுவாசித்துப் பெறவில்லை. உடன்படிக்கைக்குள் பிறந்ததால் பெற்றார்கள். கிறிஸ்தவர்களின் பிள்ளைகள் அவர்களைவிடக் குறைந்தவர்களா? கடவுள் முந்திக்கொள்கிறார், மனிதன் பிறகே விழித்துக்கொள்கிறான் என்பதைக் குழந்தை ஞானஸ்நானத்தைவிடத் தெளிவாக எது சொல்லும்?

வலுவான வாதம்தான் இது. பின்னாளில் சூரிச்சில் புல்லிங்கரும் ஜெனீவாவில் கால்வினும் இதன்மேல்தான் கட்டினார்கள். இன்றும் சீர்திருத்தத் திருச்சபைகள் இதில்தான் நிற்கின்றன. மனந்திரும்புதலை முதலில் வைக்கிறவர்கள் எதிர்கொள்ள வேண்டிய உண்மையான கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது: என் அழுகையும் என் தீர்மானமும்தான் என்னைத் தண்ணீருக்குத் தகுதியாக்குகின்றன என்றால், கிருபை எங்கே போயிற்று?

மான்சும் கிரெபெலும் அளித்த பதிலில் கிருபை குறையவில்லை. மனந்திரும்புதல் மனிதன் செலுத்தும் கட்டணம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. வார்த்தையைக் கேட்டதனால் உள்ளே கடவுள் ஏற்கெனவே செய்துவிட்ட வேலைக்கு வெளியே கொடுக்கும் சாட்சியாகவே ஞானஸ்நானத்தைப் பார்த்தார்கள். புருக்பாக்கின் கண்ணீர் அவராகப் பிழிந்து எடுத்ததல்ல என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சாட்சியை ஒருவருக்காக மற்றொருவர் சொல்ல முடியாது. ஞானப்பெற்றோர் சொல்ல முடியாது, ஊர் சொல்ல முடியாது, மன்றம் சொல்லவே முடியாது. சூரிச் தாங்க முடியாமல் போனது இந்த இடத்தைத்தான்.

சூரிச்சில் ஊரும் சபையும் ஒன்று. எல்லைக்குள் பிறந்த குழந்தை ஞானஸ்நானத் தொட்டியின் வழியாகவே கிறிஸ்தவனாகவும் குடிமகனாகவும் ஆனது. குடிமக்கள் ஆண்டுதோறும் எடுத்த உறுதிமொழி, தசமபாகம், போர்ச் சேவை எல்லாம் அந்த ஒற்றுமையின்மேல் நின்றன. அதே 1525இல் ஜெர்மனியில் விவசாயிகள் கிளர்ச்சி பற்றியெரிந்தது. சிலர் மட்டும், நாங்கள் மனந்திரும்பியவர்கள், எங்கள் சபை வேறு என்று சொன்னால், மற்றவர்களின் கிறிஸ்தவம் என்ன ஆகிறது? மன்றம் இதைக் கலகமாகவே படித்தது. 1526இல் சூரிச் சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடு கட்டாயமானதற்கு ஒரு காரணம், எந்தக் குழந்தை தண்ணீர் பெறவில்லை என்பதைக் கண்டுபிடிப்பது. யார் கிறிஸ்துவின் சரீரம் என்ற கேள்வி, யார் பட்டியலில் இல்லை என்ற கேள்வியாக மாறியது.

இயக்கத்தில் பட்டம் பெற்ற இறையியலாளர் ஒருவரே இருந்தார். பால்தசார் ஹுப்மையர் இங்கோல்ஸ்டாட்டில், லூத்தரின் எதிரியான யோஹான் எக்கின் கீழ் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய கடந்தகாலத்தில் ஒரு கறை உண்டு. ரெகன்ஸ்பர்க் பேராலயத்தில் பிரசங்கியாராக இருந்தபோது யூதர்களுக்கு எதிராக மக்களைத் தூண்டினார். 1519இல் அந்நகர யூதர்கள் துரத்தப்பட்டு, அவர்களின் தொழுகைக்கூடம் இடிக்கப்பட்டது. மனந்திரும்புதலைப் பற்றிப் பின்னால் இவ்வளவு ஆழமாக எழுதிய மனிதர் என்பதால் இதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரைன் கரையில் வால்ட்ஸ்ஹுட் என்ற சிறு நகரத்தின் போதகராக இருந்த ஹுப்மையர், 1525 ஈஸ்டரின்போது ரொய்ப்லினிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவரோடு ஏறக்குறைய அறுபது பேர் பெற்றார்கள். பிறகு அவரே பால் வாளி ஒன்றில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஊர் மக்கள் ஏறக்குறைய முன்னூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஜூலையில் எழுதி முடித்த நூலில் அவர் புதிய ஏற்பாட்டின் ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறார். முதலில் வார்த்தை, அதன்பின் கேட்டல். கேட்டவன் தன் நிலையை உணர்ந்து வாழ்வை மாற்றுகிறான், விசுவசிக்கிறான். அப்போதுதான் தண்ணீர், அதன்பின் செயல்கள். எங்கே பார்த்தாலும் இதே ஒழுங்கு, தண்ணீர் முந்தியதை ஓரிடத்திலும் காட்ட முடியாது என்பது அவர் சவால்.

ஹுப்மையரின் சிந்தனையில் இன்னொரு பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஞானஸ்நானம் எடுக்கிறவர் கடவுளுக்கு மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. சகோதரர்களுக்கும் கொடுக்கிறார். நான் தவறினால் என்னைக் கண்டியுங்கள், திருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தன்னைச் சபையின் கையில் ஒப்படைக்கிறார். மனந்திரும்புதல் ஒருமுறை நடந்து முடிந்துவிடுவதல்ல என்பதற்கு இது ஓர் ஏற்பாடு. பாவசங்கீர்த்தன மேடையில் பாதிரியார் செய்ததை இங்கே சபை முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டும்.

இது அவருக்கே தேவைப்பட்டது. 1525 டிசம்பரில் ஆஸ்திரியப் படை வால்ட்ஸ்ஹுட்டைப் பிடித்ததும் நோயாளியாகச் சூரிச்சுக்கு ஓடிவந்தார், கைதானார். தன் போதனையைத் திரும்பப்பெற ஒப்புக்கொண்டார். ஃபிராவ்மூன்ஸ்டர் ஆலயத்தில் ஸ்விங்ளி பிரசங்கித்த பிறகு ஹுப்மையர் எழுந்து மறுப்பறிக்கையைப் படிக்க வேண்டும். மேடையேறியவர் அதற்கு மாறாக விசுவாசிகளின் ஞானஸ்நானத்தை ஆதரித்துப் பேசத் தொடங்கினார். ஆலயத்தில் கூச்சல் எழுந்தது. மீண்டும் சிறைக்குள் இழுத்துப் போனார்கள், சித்திரவதைக் கட்டையில் உடலை நீட்டினார்கள். வசந்தகாலத்தில் அவர் உடைந்தார். மறுப்பறிக்கை சொல்லி வெளியேறினார். அடுத்து மொராவியாவின் நிக்கோல்ஸ்பர்க்கில் லீக்டன்ஸ்டைன் பிரபுக்களின் பாதுகாப்பில், பழைய போதனையையே முன்னைவிட அதிகமாக எழுதி அச்சிட்டார். 1527இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஃபெர்டினாண்ட் மன்னரின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். 1528 மார்ச் 10 அன்று வியன்னாவில் எரிக்கப்பட்டார். மூன்று நாள் கழித்து அவர் மனைவி எல்ஸ்பெத்தின் கழுத்தில் கல்லைக் கட்டி டான்யூபில் தள்ளினார்கள்.

சூரிச்சில் நடந்தது இன்னும் வேதனையானது, ஏனென்றால் அங்கே கொன்றவர்களும் செத்தவர்களும் ஒன்றாக வேதம் படித்தவர்கள். 1525 நவம்பரில் மூன்றாவது விவாதம். கூட்டம் பெருகியதால் குரோஸ்மூன்ஸ்டருக்கே மாற்றினார்கள். முடிவு முன்பு போலவே. கிரெபெல், மான்ஸ், பிளாவ்ராக் மூவருக்கும் 1526 மார்ச்சில் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்து ஆயுள் முழுவதும் கோபுரச் சிறையில் வைக்கத் தீர்ப்பு. கூடவே புதிய ஆணை: இனி யாருக்காவது மறுஞானஸ்நானம் கொடுக்கிறவர் தண்ணீரில் மூழ்கடிக்கப்படுவார். இரண்டு வாரத்தில் கைதிகள் ஜன்னல் வழியாகத் தப்பினார்கள். கிரெபெல் அந்தக் கோடையில் கொள்ளைநோயில் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. மான்ஸ் டிசம்பரில் மீண்டும் பிடிபட்டார்.

1527 ஜனவரி 5, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. வெல்லன்பர்க் கோபுரத்திலிருந்து மீன்சந்தை வழியாக மான்சை நடத்திப் போய் லிம்மாட் ஆற்றில் படகில் ஏற்றினார்கள். கைகளைக் கட்டி முழங்கால்களுக்கு மேலாக இறக்கி, நடுவே ஒரு கம்பைச் செருகினார்கள். கரையில் நின்ற தாயும் சகோதரரும் உறுதியாக இருக்கும்படி அவரைக் கூவி அழைத்தார்கள். தன் ஆவியைக் கடவுளின் கையில் ஒப்படைக்கும் லத்தீன் வார்த்தைகளை மான்ஸ் உரத்த குரலில் பாடினார். பிறகு நீரில் தள்ளினார்கள். அவர் சொத்து பறிமுதலானது. பிளாவ்ராக் சூரிச்சின் குடிமகன் இல்லை என்பதால் அதே நாளில் இடுப்புவரை ஆடை களைந்து, சாட்டையால் அடித்து ஊர்வாசல் வரை துரத்தினார்கள். அவர் டிரோல் மலைகளில் பிரசங்கித்து 1529 செப்டம்பரில் கிளவுசனில் எரிக்கப்பட்டார்.

தண்ணீரில் பாவம் செய்தவன் தண்ணீரிலேயே சாகட்டும் என்ற எண்ணம் அந்தத் தண்டனையில் தெரிகிறது. ஸ்விங்ளியின் உடன்படிக்கை வாதத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பு இந்த ஆற்றங்கரையில் எனக்கு உதவுவதில்லை. தண்ணீர் வெறும் அடையாளம் என்று நூலில் எழுதியவரின் நகரம், அந்த அடையாளத்துக்காக ஒருவரைக் கொன்றது. கடவுளின் கிருபை முந்திக்கொள்கிறது என்று உண்மையில் நம்புகிறவனுக்கு, அடுத்தவன் மனந்திரும்பும் வரை காத்திருக்க முடியும். சூரிச் காத்திருக்கவில்லை. 2004 ஜூன் மாதம் சூரிச் சீர்திருத்தத் திருச்சபை, அந்த இயக்கத்தின் வழிவந்த மென்னோனைட்டுகளையும் ஆமிஷ் மக்களையும் அழைத்துத் தன் முன்னோர் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு, ஆற்றங்கரையில் நினைவுக்கல் பதித்தது. மனந்திரும்புதல் தனி மனிதனுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி, 477 ஆண்டுகள் தாமதமானாலும்.

மான்ஸ் இறந்து ஏழு வாரத்தில், சுவிஸ் எல்லையில் ஷ்லைத்ஹைம் என்ற சிற்றூரில் சிதறிக் கிடந்தவர்கள் கூடினார்கள். தலைமை தாங்கியவர் மிக்கேல் சாட்லர், பிளாக் ஃபாரஸ்ட் பகுதியின் பெனடிக்டைன் மடம் ஒன்றில் உயர்பதவி வகித்தவர். 1527 பிப்ரவரி 24 அன்று ஏழு கட்டுரைகளில் உடன்பாடு கண்டார்கள். முதல் கட்டுரையே ஞானஸ்நானம். மனந்திரும்புதலைக் கற்று வாழ்வைத் திருத்தியவர்களுக்கு, தங்கள் பாவங்கள் கிறிஸ்துவால் நீக்கப்பட்டன என்று விசுவசிப்பவர்களுக்கு, தாங்களே கேட்பவர்களுக்கு அது கொடுக்கப்படும். இரண்டாம் கட்டுரை, ஞானஸ்நானம் பெற்ற பிறகு விழுந்தவரை இருமுறை தனியாகவும் பிறகு சபையின் முன்னும் கண்டிப்பதைப் பற்றியது. இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்பதில் பொருள் இருக்கிறது. கண்ணீரோடு வந்தவர்களும் விழக்கூடும் என்று சொலிக்கோனில் அவர்கள் பார்த்துவிட்டார்கள். இதன் கடுமை பின்னாளில் பல சபைகளைப் பிளந்தது என்பதும் உண்மை. ஒருவரின் மனந்திரும்புதல் போதுமானதா என்று மற்றவர் அளக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை. சாட்லர் அந்த மே மாதமே ராட்டன்பர்க்கில் நாக்கு அறுக்கப்பட்டு எரிக்கப்பட்டார். சில நாளில் அவர் மனைவி மார்கரேட்டாவை நெக்கர் ஆற்றில் மூழ்கடித்தார்கள்.

நம் ஊரில் இந்தப் பழைய கேள்வி இன்றும் குடும்பங்களுக்குள் நடமாடுகிறது. சி.எஸ்.ஐ. சபையில் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, பதின்ம வயதில் திடப்படுத்தல் பெற்ற பெண், பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால், பெற்றோருக்கு அது தங்கள் விசுவாசத்தையே மறுத்ததாகத் தோன்றும். மகளுக்கு அது தன் விசுவாசத்தின் தொடக்கம். இரண்டு பேரும் தெரிந்தோ தெரியாமலோ 1525இன் இரண்டு கரைகளில் நிற்கிறார்கள். யாரும் யாரையும் ஆற்றில் தள்ளுவதில்லை என்பது, அன்று இறந்தவர்கள் நமக்கு வாங்கித் தந்த சுதந்திரம்.

அன்று அந்தச் சுதந்திரம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. 1529 ஏப்ரலில் ஷ்பையர் நகரத்தில் பேரரசின் மன்றம் கூடியது. சீர்திருத்தத்தை ஆதரித்த இளவரசர்களும் நகரங்களும் மனச்சாட்சியின் பெயரால் எதிர்ப்பறிக்கை தாக்கல் செய்தது அந்த மன்றத்தில்தான். புராட்டஸ்டன்ட் என்ற பெயர் அங்கிருந்தே வந்தது. அதே மன்றம், அதே ஏப்ரல் மாதம், இன்னோர் ஆணையையும் பிறப்பித்தது. ஞானஸ்நானத்தை மீண்டும் பெறுவோருக்கு மரண தண்டனை என்ற பழைய ரோமச் சட்டம் ஜஸ்டினியன் தொகுப்பில் ஆயிரம் ஆண்டுகளாக இருந்தது. அதைத் தூசு தட்டி எடுத்து, மறுஞானஸ்நானம் பெற்ற ஆணோ பெண்ணோ, புரிந்துகொள்ளும் வயதை எட்டிய யாராக இருந்தாலும், திருச்சபை விசாரணைகூட இல்லாமல் தீயினாலோ வாளினாலோ கொல்லப்பட வேண்டும் என்று விதித்தார்கள். கத்தோலிக்கரும் எதிர்ப்பறிக்கை எழுதியவர்களும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள்.

தப்பியவர்களில் பலர் கிழக்கே, மொராவியாவுக்கு நடந்தார்கள். சிலர் வடக்கே நெதர்லாந்துப் பக்கம் போனார்கள். 1534இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தில் சிலர் வாளை எடுத்ததும், அந்த இடிபாடுகளிலிருந்து மென்னோ சைமன்ஸ் என்ற முன்னாள் பாதிரியார் சிதறியவர்களைத் திரட்டியதும் அடுத்த பகுதியில்.